எதிரில் வருபவர் தவறு செய்வார் என்று எண்ணி ஓட்டுங்கள்

சம்பா அறுவடையும் கரும்பு வெட்டும் ஒரே சமயத்தில் நடக்கிற தை, மாசி மாதங்களில் நமது கிராமச் சாலைகளில் வண்டி நடமாட்டம் மிகவும் கூடிவிடுகிறது. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் கொள்முதல் நிலையத்துக்குப் போகின்றன. கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் இரவு பகலாக ஆலைக்குப் போகின்றன. அறுவடை இயந்திரம் சாலையின் பெரும் பகுதியை அடைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் நகர்கிறது. இதே சாலையில்தான் பஸ்களும் கார்களும் மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் வருகின்றன.

பூச்சிக்கும் உரத்துக்கும் யோசனை சொல்லும் இந்தப் பகுதியில் சாலைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்தில் ஈடு செய்துகொள்ளலாம். ஆனால் வீட்டில் உழைக்கிற ஆள் படுத்துவிட்டால் நிலம் குத்தகைக்குப் போகிறது, மாடு சந்தைக்குப் போகிறது, பிள்ளையின் படிப்பு நிற்கிறது. 2022ஆம் ஆண்டில் நமது நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்துள்ளது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நம் மாநிலம்தான் முதலிடம். நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானோர் இறந்தது நகரத்துச் சாலைகளில் அல்ல, கிராமப்புறச் சாலைகளில்தான்.

வண்டி ஓட்டத் தெரிவது வேறு, விபத்தில் சிக்காமல் ஓட்டுவது வேறு. "நான் என் பக்கத்தில் சரியாகத்தான் வந்தேன், அவன்தான் வந்து மோதினான்" என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொல்பவர்கள் அநேகம். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் கால் எலும்பு முறிந்தது முறிந்ததுதான். நம் மீது தவறு இல்லை என்பது மட்டும் போதாது; மற்றவர் செய்யும் தவறும் நம்மைத் தொடாதபடி ஓட்ட வேண்டும். இதைத்தான் தற்காப்புடன் ஓட்டுதல் என்கிறார்கள். அமெரிக்காவில் ஹெரால்டு ஸ்மித் என்பவர் 1952ல் ஐந்து விதிகளை வகுத்து லாரி ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அவற்றில் இரண்டு நம் விவசாயிகளுக்கு மிகவும் பொருந்தும். ஒன்று, ஒதுங்கிக்கொள்ள எப்போதும் ஒரு வழி வைத்துக்கொள். மற்றொன்று, நீ இருப்பது மற்றவருக்குத் தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்.

இரண்டாவது விதியை முதலில் எடுத்துக்கொள்வோம். நமது வண்டிகளுக்கு அதுதான் உயிர்நாடி.

ஒரு சிறு கணக்கு

80 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் பஸ் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் எதிரே ஏதோ இருப்பதைக் கண்டு, அது என்ன என்று புரிந்துகொண்டு, காலைத் தூக்கி பிரேக்கில் வைக்கச் சுமார் ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் பஸ் 33 மீட்டர் வந்துவிடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க, நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தாலும், இன்னும் 35 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். ஆக மொத்தம் 70 மீட்டர் அளவில் போகிறது. மழை பெய்து சாலை நனைந்திருந்தால் இன்னும் அதிகம்.

இரவில் எதிரே வண்டி வருகிறது என்று பஸ்காரர் டிம் அடிக்கிறார். அந்த வெளிச்சத்தில், விளக்கு இல்லாத இருண்ட பொருள் 40, 50 மீட்டருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தப் பொருள் நீங்கள் ஓட்டிச் செல்லும் டிரெய்லராக இருந்தால் என்ன ஆகும்? அவர் குடிக்கவில்லை, தூங்கவில்லை, பிரேக்கும் பழுதில்லை. இருந்தும் அவரால் நிறுத்த முடியாது. அவர் நல்ல ஓட்டுநரா என்பது இங்கே பேச்சே அல்ல. 70 மீட்டர் தேவைப்படுகிற இடத்தில் நாம் அவருக்கு 40 மீட்டர்தான் கொடுத்திருக்கிறோம். 2022ஆம் ஆண்டுக் கணக்கிலும் பின்னாலிருந்து மோதிய விபத்துகளே வகை வாரியாகப் பார்க்கும்போது முதலிடம் பெற்றிருக்கின்றன.

பகலிலும் இதே சங்கடம் உண்டு. டிராக்டர் 20 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது, பின்னால் கார் 80ல் வருகிறது என்றால் இடைவெளி விநாடிக்கு 17 மீட்டர் வீதம் குறைகிறது. நூறு மீட்டர் தூரத்தில் வரும் கார் ஆறு விநாடியில் உங்கள் முதுகுக்கு வந்துவிடும். மாட்டு வண்டியானால் ஐந்து விநாடிக்குள். தூரத்தில் வருகிறவருக்கு நாம் போகும் வேகம் தெரியாது. ஏதோ வண்டி போகிறது என்று நினைத்துக்கொண்டே நெருங்கி வந்துவிடுவார்.

இதற்காகவே 1960களில் அமெரிக்காவின் ஓகியோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விவசாயப் பொறியியல் வல்லுநர்கள், மெதுவாகச் செல்லும் பண்ணை வண்டிகளின் பின்புறம் மாட்டுவதற்கு ஒரு முக்கோணப் பலகையைக் கண்டுபிடித்தார்கள். நடுவில் பளிச்சிடும் ஆரஞ்சு நிறம், சுற்றிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு விளிம்பு. பகலில் ஆரஞ்சு தெரியும், இரவில் சிவப்பு தெரியும். அந்தப் பலகை நமக்கு எளிதில் கிடைக்காமல் போகலாம். ஆனால் ஒளிரும் ஸ்டிக்கர் நாடா எந்த ஊர் ஆட்டோமொபைல் கடையிலும் கிடைக்கிறது. பின்புறம் சிவப்பு, முன்புறம் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள் என்பது முறை. டிரெய்லரின் பின்கதவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒட்டினால்தான் வண்டியின் அகலம் பின்னால் வருபவருக்குப் புரியும். நடுவில் ஒரு துண்டு மட்டும் ஒட்டினால் மொபெட் போகிறது என்று நினைத்துவிடுவார். சேறும் தூசியும் படிந்த நாடா மின்னாது. புறப்படுமுன் ஈரத் துணியால் ஒரு துடை துடைத்துவிடுங்கள். மாட்டு வண்டிக்கு நுகத்தடியிலும் பின்சட்டத்திலும் ஒட்டலாம். பூண் போட்ட சக்கரத்தின் ஆரக்கால்களில் ஒட்டினால் இன்னும் நல்லது. சக்கரம் சுற்றும்போது பக்கத்திலிருந்து வருபவரின் கண்ணை அது இழுக்கும்.

டிராக்டரின் பின்விளக்கு டிரெய்லருக்கு முன்னாலேயே மறைந்துவிடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. டிராக்டரிலிருந்து டிரெய்லருக்கு ஒயர் இழுத்து, அங்கே தனியாகச் சிவப்பு விளக்கும் இண்டிகேட்டரும் பொருத்தியே ஆக வேண்டும். கரும்பும் வைக்கோலும் ஏற்றும்போது தோகையும் தாளும் தொங்கி அந்த விளக்கையும் மூடிவிடும். அப்போது பாரத்தின் கடைசி முனையிலேயே ஒரு சிவப்பு விளக்கையோ ஒளிரும் துண்டையோ கட்டித் தொங்கவிடுங்கள்.

வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டால் சக்கரத்துக்கு முட்டுக் கல் வைத்து, பின்னால் தழையை ஒடித்துப் போடுவது நம் வழக்கம். பகலில் அது சரி. இரவில் தழை மின்னாது. ஒளிரும் முக்கோணம் ஒன்றை வண்டியில் எப்போதும் வைத்திருந்து, குறைந்தது 50 மீட்டர் பின்னால், வருபவருக்கு நேராக நிறுத்துங்கள். முடிந்தால் டார்ச் விளக்குடன் ஓர் ஆள் சாலையை விட்டு விலகி நின்று எச்சரிக்கட்டும். பழுது பார்த்து முடிந்ததும் முட்டுக் கல்லைத் தூக்கிச் சாலைக்கு வெளியே போட வேண்டும். அந்தக் கல்லில் மோதி விழுந்த மொபெட்காரர் நம் ஊர்க்காரராகத்தான் இருப்பார்.

வலது பக்கம் திரும்பும்போது

டிராக்டர் விபத்துகளில் மிகவும் வழக்கமானது இது. நேராகப் போய்க்கொண்டிருக்கும் டிராக்டர், வயல் பாதை வந்ததும் வலது பக்கம் ஒடிக்கும். பின்னால் வரும் பஸ்ஸோ காரோ அப்போதுதான் முந்திக்கொண்டிருக்கும். பின்னால் வருகிறவருக்கு அங்கே ஒரு வண்டிப்பாதை இருப்பதே தெரியாது. நமக்குத்தான் அது தினமும் திரும்புகிற இடம். ஆகவே 50 மீட்டர் முன்னதாகவே இண்டிகேட்டர் போட்டு, கையையும் நீட்டிக் காட்டி, வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகு கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும். என்ஜின் சத்தத்தில் பின்னால் வரும் ஹாரன் காதில் விழாது என்பதை மறக்கக் கூடாது. ஏதாவது வண்டி வருகிறது என்றால் இடது ஓரம் ஒதுங்கி நின்று அதைப் போகவிட்டுவிட்டுத் திரும்புங்கள். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. கையைக் காட்டிவிட்டோமே, அவர் நின்றுவிடுவார் என்று நம்பித் திரும்புவதில்தான் அபாயம் இருக்கிறது.

வயலிலிருந்து சாலைக்கு ஏறும்போதும் அப்படியே. முன்சக்கரம் தார் மீது ஏறி, டிரெய்லரின் பின்சக்கரம் சாலையைக் கடந்து முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பாரத்தோடு பத்து விநாடி ஆகலாம். அதற்குள் 80ல் வரும் கார் 220 மீட்டர் வந்துவிடும். வளைவுக்கு அருகில் உள்ள பாதையாக இருந்தால் ஓர் ஆளை இறக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும். சேற்று உழவு முடித்து வரும் டிராக்டர் சாலையில் கட்டி கட்டியாகச் சேற்றை உதிர்த்துவிட்டுப் போவதும் தவறு. காய்ந்தால் மண், ஒரு தூறல் விழுந்தால் எண்ணெய் போல வழுக்கும்.

பிரேக்கும் பாரமும்

டிராக்டரில் வலது, இடது என்று இரண்டு பிரேக் மிதிகள் இருக்கின்றன. வயலில் குறுகலாகத் திரும்ப ஒரு பக்கத்தை மட்டும் மிதிக்கிறோம். சாலைக்கு வந்ததும் இரண்டையும் இணைக்கும் கொண்டியைப் போட்டுவிட வேண்டும். மறந்துவிட்டு, அவசரத்தில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து, டிராக்டர் சுழன்று கவிழ்ந்துவிடும். வேகமாகப் போகும்போது இதற்கு மாற்றே கிடையாது.

நமது டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் கிடையாது. டிராக்டரின் எடை சுமார் இரண்டு டன் என்றால், பின்னால் வரும் பாரம் ஐந்து, ஆறு டன் இருக்கிறது. நிறுத்த வேண்டிய சுமை முழுவதையும் டிராக்டரின் பின்சக்கரங்களே தாங்க வேண்டியிருக்கிறது. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அரை லிட்டர் டீசல்கூட மிச்சமாகாது. பாரம் முன்னால் தள்ளி, டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கி டிராக்டரைப் புரட்டிவிடும். இறக்கம் தொடங்குமுன்பே குறைந்த கியருக்கு வந்துவிட வேண்டும். இறங்கிக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றக் கூடாது. டிரெய்லரை மாட்டும் பின் கழன்று விடாதபடி பூட்டுக் கம்பியும், அதற்கு மேல் ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் இருக்கட்டும்.

மட்கார்டில் ஆள் உட்காருவதை அடியோடு நிறுத்த வேண்டும். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் விழுகிறவர் நேராகப் பெரிய சக்கரத்துக்கு அடியில்தான் போவார். நடவு ஆட்களையும் திருவிழாக் கூட்டத்தையும் டிரெய்லரில் ஏற்றுவதும் இதைச் சேர்ந்ததுதான். விவசாய உபயோகத்துக்கு என்று எடுத்த இன்சூரன்ஸ், டிரெய்லரில் ஏறிப் போனவர்களுக்குப் பெரும்பாலும் ஈடு தருவதில்லை. தீர்ப்பாயம் விதிக்கும் நஷ்டஈட்டைச் சொந்தக்காரரே கட்ட நேரிடும். சில ஏக்கர் வைத்திருப்பவருக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

மொபெட்டும் மோட்டார் சைக்கிளும்

1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த பிறகு, தலைச்சுமையும் சைக்கிள் சுமையும் மொபெட்டுக்கு மாறிவிட்டன. பால் கேன், கீரைக் கட்டு, உர மூட்டை எல்லாம் அதில்தான் போகின்றன. புல்லுக்கட்டைக் குறுக்கே வைத்துக் கட்டினால் பின்விளக்கு மறைகிறது; அகலமும் வண்டியைப் போல் மூன்று பங்காகிறது. முந்திப் போகிறவர் வண்டியைத்தான் கணக்கிடுவார், புல்லைக் கணக்கிடமாட்டார். கட்டை நீளவாக்கில் வைத்து, விளக்குக்கு மேல் நிற்கும்படி கட்டுங்கள். மண்வெட்டி, அரிவாளின் வெட்டு முனையைச் சாக்கில் சுற்றி உள்பக்கம் திருப்பி வையுங்கள். பின்னால் உட்காரும் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். சக்கரத்தில் சிக்கினால் நொடியில் கீழே இழுத்துவிடும்.

முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி வருவது? அந்த வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் மனத்துக்குள் "நூற்றியொன்று, நூற்றியிரண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால் மிகவும் நெருக்கமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். சுமை இருந்தால் நூற்றிமூன்று வரை, மழையில் நூற்றிநான்கு வரை சொல்ல நேரம் இருக்க வேண்டும்.

நின்றிருக்கும் பஸ்ஸைத் தாண்டும்போது, அதன் முன்பக்கமிருந்து யாரோ ஒருவர் சாலையைக் கடக்க ஓடி வரப்போகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன்று குறுக்கே போனால் பின்னாலேயே தாய்ப்பசு வரும் என்று நினைக்கத் தெரிந்த நமக்கு இது புதிதல்ல. இடது பக்கம் திரும்பும் லாரிக்கும் ஓரத்துக்கும் நடுவில் நுழையக் கூடாது. லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் உங்களைத் தெரியாது. எதிரே வருபவர் இரவில் டிம் அடிக்காமல் வந்தால் அவருடைய விளக்கைப் பார்க்காமல் இடது ஓரத்தைப் பார்த்து, வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு நாமும் வெளிச்சத்தை உயர்த்தினால் இரண்டு பேருக்கும் கண் தெரியாது. தார் விளிம்பை விட்டுச் சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டால் உடனே ஒடித்து மேலே ஏற்ற வேண்டாம். மண்ணிலேயே வேகம் தணிந்த பிறகு நிதானமாக ஏறுங்கள்.

ஹெல்மெட்டைப் பற்றி வாதமே தேவையில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், அது இறப்பு அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று தெரிந்திருக்கிறது. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கக் கூடாது என்பது சட்டம். வார் மாட்டாத ஹெல்மெட், விழும்போது தலைக்கு முன்னால் பறந்துவிடும். தலைப்பாகை வெயிலுக்குத்தான்.

சாலை களம் அல்ல

உளுந்து, கொள்ளு, கேழ்வரகு, எள் ஆகியவற்றைத் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிகளை வைத்தே தாம்பு ஓட்டிக்கொள்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. களம் இல்லாத ஊரில் விவசாயி என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானதே. பொதுக் களம் கேட்டு ஊராட்சியில் வற்புறுத்த வேண்டியதும் நியாயமே. ஆனால் காய்ந்த தாளின் மேல் மோட்டார் சைக்கிள் பிரேக் போட்டால் சக்கரம் பிடிக்காது. தட்டைகள் காரின் அடியில் சுற்றிக்கொண்டு தீப்பிடித்ததும் உண்டு. நெல்லைக் காயவைத்துச் சுற்றிலும் கல் அடுக்கி, மாலையில் நெல்லை அள்ளிக்கொண்டு கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போவதைத்தான் மன்னிக்க முடியாது. இருட்டில் அந்தக் கல்லை யார் பார்ப்பார்கள்?

தூக்கம், மது, பத்திரம்

இரவு மும்முனை மின்சாரத்துக்காகக் கண் விழித்து நீர் பாய்ச்சிவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு உழவர் சந்தைக்கு மொபெட்டை எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தூக்கத்தை மன உறுதியால் தள்ளிப்போட முடியாது. கொட்டாவி தொடர்ந்து வந்தால், கடந்த ஒரு மைல் எப்படி வந்தோம் என்று நினைவில்லாவிட்டால், வண்டியை நிறுத்திக் கால் மணி நேரமாவது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முறை வைத்து அண்ணன் தம்பியில் ஒருவர் நீர் பாய்ச்ச, மற்றவர் சந்தைக்குப் போவது சிறந்தது. மதுவைப் பொறுத்தவரை, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. கொஞ்சம் என்று அளந்து குடிக்க யாராலும் முடியாது. ஓட்ட வேண்டிய நாளில் தொடாமல் இருப்பதே வழி.

வயது வராத பையனிடம் டிராக்டரைக் கொடுத்து அனுப்புவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். குற்றம் நிரூபணமானால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரித்துவிடும். சொந்தக்காரரே ஓட்டி விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பு 2018 முதல் உள்ளது. பிரிமியம் கட்டும்போது அது சேர்ந்திருக்கிறதா என்று ரசீதில் பார்த்து வாங்குங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்ற பயம் இனி வேண்டாம். உதவி செய்கிறவர் மீது வழக்கு இல்லை, பெயர் சொல்ல விருப்பமில்லாவிட்டால் வற்புறுத்தக் கூடாது என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உறுதி செய்கிறது. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற பெயரில் 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் இலவசம். கழுத்திலோ முதுகிலோ அடி இருக்கலாம் என்று தோன்றினால், தீ போன்ற ஆபத்து இல்லாதவரை ஆளை இழுக்கவோ உட்கார வைக்கவோ வேண்டாம். தண்ணீர் புகட்டவும் வேண்டாம். ரத்தம் பீறிடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்திருந்தால் போதும். 108க்குப் போன் செய்யும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், அருகில் உள்ள கிலோ மீட்டர் கல்லில் என்ன எழுதியிருக்கிறது, பாலமா கோயிலா பள்ளிக்கூடமா, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் சாலை என்பதையும் சொல்லி, ஓர் ஆளை விளக்குடன் முக்குச் சாலையில் நிறுத்தி வையுங்கள்.